ராய்ஸ் ஹெக்லண்டின் கையெழுத்து

பதினான்கு மாதம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்த வெர்னா டோல்ஃப்சனுக்குப் பேசக் கிடைத்தது இரண்டே நிமிடம்.

இனி எல்லாத் தேர்தலையும் தபாலிலேயே நடத்தலாம் என்ற மசோதா அன்று தென் டகோட்டா மாநில செனட் குழுவின் முன் வந்திருந்தது. வாக்குச்சீட்டு வீட்டுக்கே வரும். உறைமேல் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினால் போதும். மசோதா பிழைத்தாலென்ன, செத்தாலென்ன? மூன்று மணி நேரம் பனியில் அவள் வண்டி ஓட்டி வந்தது ராய்ஸ் ஹெக்லண்டுக்காக.

காலியான இடத்துக்கு நியமிக்கப்பட்டு ராய்ஸ் இப்போது செனட்டர், அதே குழுவில் உறுப்பினர். போன தேர்தலில் ஊரில் தபால் உறைகளின் கையெழுத்தைச் சரிபார்த்த மூவரில் ஒருவன். வெர்னாவின் அப்பா ஆர்விட்டுக்கு எண்பத்துநாலு வயது, கை நடுக்கம். அவருடைய உறையை ராய்ஸ் தூக்கிக் காட்டி, "இது ஆர்விட் கையே இல்ல. பொண்ணு கவுண்டி ஆபீஸ்லதானே இருக்கா, அவளே போட்டிருப்பா" என்று ஊர் முன்னால் சொல்லி ஓரமாக எறிந்தான். அடுத்த திங்கட்கிழமை வெர்னாவைத் தேர்தல் பிரிவிலிருந்து நாய் லைசன்ஸ் கொடுக்கும் ஜன்னலுக்கு மாற்றினார்கள். அப்பா அந்தக் குளிர்காலத்திலேயே கள்ள ஓட்டுக்காரர் என்ற பெயரோடு போய்ச் சேர்ந்தார். ராய்ஸின் மனைவி கொலீன் துக்கத்துக்கு உருளைக்கிழங்கு கேசரோல் சமைத்துக் கொண்டுவந்தாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, "சும்மா சொல்லு வெர்னா, நீதானே போட்டே?" என்று கேட்டாள். எத்தனை நெஞ்சழுத்தம்!

இன்று ராய்ஸ் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினான். "தபால் ஓட்டுன்னா கள்ளக் கையெழுத்துக்குக் கதவைத் திறந்து விடுறதுதான். எங்க ஊர்லயே நான் ஒண்ணைப் புடிச்சேன்!"

வெர்னாவின் முறை வந்தது. முறைப்படி மனுப் போட்டு வாங்கிய இரண்டு நகல்களைக் குழுத் தலைவி மார்லிஸ் பெக்கிடம் நீட்டினாள்.

"ஒண்ணு வாக்காளர் பதிவுல இருக்குற கையெழுத்து. இன்னொண்ணு அதே ஆள் அனுப்பின உறை மேல இருக்குறது. ரெண்டும் ஒரே கையான்னு பாருங்கம்மா."

மார்லிஸ் கண்ணாடியை மாட்டினார். "எங்கே ஒரே கை? ஒண்ணு கோடாலியால வெட்டின மாதிரி. இன்னொண்ணு உருண்டை உருண்டையா..." பெயரைப் படித்ததும் நிறுத்தினார். "ராய்ஸ், இது உங்க பேராச்சே!"

அந்தப் பக்கத்து வீடுகளில் இது வழக்கம்தான். சூரியகாந்தி அறுவடை முடியும்வரை ஆம்பளை மெஷினை விட்டு இறங்கமாட்டான். வீட்டுக்கு வரும் தாளில் எல்லாம் பெண்டாட்டிதான் அவன் பெயரைப் போடுவாள். அந்தப் பழக்கத்தில் கொலீன் வாக்கு உறையிலும் போட்டுவிட்டாள். அதற்குச் சிறைத்தண்டனை உண்டு. ஆர்விட்டின் உறை விழுந்த அதே நாளில், அதே மேஜையில், இந்த உறையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ராய்ஸ் மூன்றாவது வரிசையில் இருந்த மனைவியைப் பார்த்தான். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என் கைதான்," என்று முனகினான்.

"சத்தமா சொல்லுங்க, செனட்டர். பதிவாகணும்," என்றார் மார்லிஸ்.

"என் கைதான்! மெஷின்ல உக்காந்து போட்டேன். ஆளோட கை எப்பவும் ஒரே மாதிரியா இருக்கும்?"

"எண்பத்துநாலு வயசுல?" என்று கேட்டாள் வெர்னா.

மார்லிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பதினஞ்சு செகண்ட் இருக்கு. சொல்லுங்க ராய்ஸ்."

"மாறும்."

"அப்போ எங்கப்பா ஓட்டு?"

"நல்ல ஓட்டு," என்றான் ராய்ஸ், மேஜையைப் பார்த்தபடி. "தள்ளினது... தப்பு."

வெர்னாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. பெண்டாட்டியைக் காப்பாற்ற அவன் சொன்ன பொய்யே இந்த உண்மையை அவன் வாயால் சொல்ல வைத்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மற்ற உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

வெளியேறும் வழியில் மூன்றாவது வரிசையில் நின்றாள். குனிந்து, கொலீனின் காதோடு சொன்னாள்:

"உன் கையெழுத்து ரொம்ப அழகு, கொலீன். ஆபீஸ்ல இன்னொரு நகல் இருக்கு."