அரைக் கிலோ சர்க்கரை

சிறைக்குள் ஒரு பொருளைக் கொண்டுபோக மூன்று கையெழுத்து வேண்டும். போன முறை தக்காளி விதைக்கு எழுதிப் போட்டேன். கையெழுத்துகள் வந்து சேர்வதற்குள் விதைக்கிற பருவமே போய்விட்டது. அதனால்தான் இந்த முறை சர்க்கரைக்கு எழுதவில்லை. டிபன் பாக்ஸின் அடித்தட்டில் கொட்டி, மேல்தட்டில் சாப்பாட்டை வைத்து நானே கொண்டுபோனேன். ஆறு வருடமாகப் போய்வருகிற டீச்சரின் டிபன் பாக்ஸை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

வாரத்தில் இரண்டு காலை, பத்துக் கைதிகளுக்குத் தோட்ட வேலையும் சுற்றுச்சூழல் பாடமும் நடத்துகிறேன். அன்றைய பாடம் கழிவிலிருந்து உரம். சமையலறையிலிருந்து வந்த பழத்தோல், தண்ணீர், சர்க்கரை மூன்றையும் கேனில் போட்டு இருபது நாள் புளிக்க வைக்க வேண்டும். தினமும் கிளறிவிடும் பொறுப்பை அந்தப் பத்துப் பேரில் ஒருவரான லாரிக்காரரிடம் கொடுத்தேன். மற்றவர்கள் கடமைக்கு மண்வெட்டி பிடிப்பவர்கள். இவர் மட்டும் செடிக்குச் செடி நின்று விசாரிப்பார்.

குடித்துவிட்டு லாரி ஓட்டி இரண்டு பேரைக் கொன்றதற்காக உள்ளே வந்தவர் அவர். மகள் ஐந்து வருடமாக எட்டிப்பார்க்கவில்லை. அடுத்த மாதம் தோட்டத்தில் குடும்ப நாள் வைக்க அனுமதி கிடைத்தது. கண்ணாடித் தடுப்பு இல்லாமல் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசலாம். அதைக் கேட்டுத்தான் மகள் வரச் சம்மதித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பாவைப் பார்க்க முடியாது என்பது அவள் நிபந்தனை. அவளுக்குக் காட்டவென்றே லாரிக்காரர் ஒரு பாத்தி கத்தரிச் செடியை வளர்த்தார்.

பதினாறாம் நாள் சோதனையில் கேன் அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் அடித்த புளிப்பு வாடையில் வார்டருக்குச் சந்தேகமே வரவில்லை. பழம், சர்க்கரை, இருபது நாள் என்றால் சிறைக்குள் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாராயம் காய்ச்சியதாக லாரிக்காரர் மேல் அறிக்கை எழுதினார்கள். சர்க்கரை ஏது என்று கேட்டதற்கு அவர் வாயே திறக்கவில்லையாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வார்டர் மேல், மூன்று கையெழுத்து மேல், எல்லாவற்றையும்விட என் மேல். ஆறு வருடம் உள்ளே போய்வந்தவளுக்கு அந்த வாடை அங்கே என்ன பாடு படுத்தும் என்று தோன்றாமல் போனதை இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. அறிக்கை நிலைத்தால் குடும்ப நாளில் அவர் பெயர் இருக்காது. அதைவிட, அப்பா உள்ளேயும் குடிக்கிறார் என்று மகள் காதுக்குப் போகும்.

உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றதும் லாரிக்காரர் தடுத்தார்.

"வேணாம் டீச்சர். நீங்க சொன்னா நீங்க உள்ள வர்ற பாஸ் போகும், தோட்டமும் போகும். மீதி ஒம்போது பேரு என்ன பாவம் பண்ணாங்க? குடிகாரன்னு என் மக ஏற்கெனவே முடிவு பண்ணிட்டா. புதுசா என்ன ஆயிடப் போகுது?"

கேட்டுக்கொண்டேன். ஆனால் மனது ஒப்பவில்லை. நேரே கண்காணிப்பாளர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. லாரிக்காரர் மேல் எழுதிய அறிக்கையைக் கிழித்தார், கையோடு என் பாஸையும் வாங்கி வைத்துக்கொண்டார். டீச்சர் இல்லாமல் வகுப்பு இல்லை, வகுப்பு இல்லாமல் தோட்டம் இல்லை, தோட்டம் இல்லாமல் குடும்ப நாள் இல்லை. லாரிக்காரர் சொன்னது வரிக்கு வரி நடந்தது.

ரத்தான தகவல் எல்லா வீட்டுக்கும் போயிருக்காது என்று தெரியும். அதனால் குடும்ப நாளன்று சிறை வாசலில் போய் நின்றேன். மூன்று பேருந்து மாறி வந்த களைப்போடு இருபது வயதுப் பெண் ஒருத்தி வார்டரிடம் பேசிக்கொண்டிருந்தாள். லாரிக்காரரின் அதே அகன்ற நெற்றி. சாராயப் பிரச்சினையில் எல்லாம் ரத்து என்று வார்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அவள் முகம் இறுகிவிட்டது. கிளம்பப் பார்த்தவளை மறித்து நான் யார் என்று சொன்னேன்.

"அப்பா மறுபடியும் குடிச்சாரா?"

"இல்லம்மா. அது செடிக்குப் போடுற உரம். சர்க்கரையைத் திருட்டுத்தனமா கொண்டு போனது நான். உங்க அப்பா என்னைக் காட்டிக் கொடுக்கல."

அவள் வார்டரிடம் திரும்பிப் போனாள். கண்ணாடி வழியாகவாவது பார்க்கிறேன் என்று கேட்டாள். அதற்கு ஒரு வாரம் முன்பே பெயர் கொடுக்க வேண்டுமாம். அவள் பெயர் இருந்தது தோட்டப் பட்டியலில் மட்டும். அந்தப் பட்டியல்தான் இப்போது இல்லையே. நான் கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். வார்டர் படிவம் ஒன்றை நீட்டினார், அவ்வளவுதான்.

"நீங்க உள்ள போய் அப்பாகிட்ட சொல்லுங்க டீச்சர், நான் வந்தேன்னு."

"எனக்கும் அனுமதி இல்லம்மா."

இருவரும் நடைபாதையில் உட்கார்ந்தோம். அவள் சொல்லச் சொல்ல, அடுத்த வாரத்துக்கான படிவத்தை ஒரு கட்டம் விடாமல் நான் நிரப்பினேன். கடைசிக் கட்டத்தில், கொண்டு வரும் பொருட்கள் என்று கேட்டிருந்தது. எதுவுமில்லை என்று எழுதி, அவள் கையெழுத்துப் போட நீட்டினேன்.