ஊட்டிக்காரர்

குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் கிருபா பன்னிரண்டு பேருக்கு ஜெபம் பண்ணி முடித்துவிடுவாள். மாய மந்திரம் ஒன்றும் இல்லை. பொத்தானை அமுத்துவாள், அவ்வளவுதான்.

பல்லடத்தில் அவர்கள் சபைக்கென்று ஒரு ஆப் இருந்தது. சபை வாலிபர்கள் சேர்ந்து செய்தது. காலையில் அன்றைய வேத பகுதியைக் கணீரென்று வாசித்துக் காட்டும். அதற்குக் கீழே ஜெப விண்ணப்பங்கள் வரும். யாருக்கு என்ன கஷ்டமோ அதில் போடலாம். பார்த்தவர்கள் ஜெபித்துவிட்டு ‘ஜெபித்தேன்’ என்கிற பொத்தானை அமுத்தினால் கூப்பிய கைகள் மஞ்சளாக மின்னும், அமுத்தினவர் பேரும் வரும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்வதற்கில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். வாரா வாரம் யார் அதிகம் ஜெபித்தார்கள் என்று ஒரு பட்டியலையும் போட்டார்கள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. பதினோரு வாரமாகப் பட்டியலில் முதல் பேர் கிருபா. பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி வேறு. ஒரு வாரம் இரண்டாவதாக வந்துவிட்டால் மானம் போகாதா?

அவளும் ஒன்றும் ஏமாற்றுக்காரியாகத் தொடங்கவில்லை. முதல் மாசம் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் முழங்கால் போட்டாள். அடுத்த மாசம் நின்றுகொண்டே ஜெபித்தாள். அப்புறம் தோசையைத் திருப்பிக்கொண்டே. பள்ளிக்கூட ஆபீஸுக்கு எட்டரைக்குப் போயாக வேண்டும், என்னதான் செய்வாள்? கடைசியில் ஜெபமெல்லாம் கழன்று விரல் மட்டும் மிச்சமாயிற்று.

புதன்கிழமை சாயங்காலம் ஜெபக் கூட்டம். மைக் கிருபாவின் கையில். போனைப் பார்த்து விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக வாசித்து ஜெபித்துக்கொண்டு வந்தாள். அதில் ஒன்று இப்படி இருந்தது: ‘ஊட்டிக்காரருக்குத் திங்கக்கிழமை ஆபரேஷன். ஜெபம் பண்ணிக்குங்க.’ சனிக்கிழமையே வந்த விண்ணப்பம், திங்கக்கிழமை தாண்டிப்போனதை அவள் கவனிக்கவில்லை. முப்பத்தெட்டுப் பேர் அமுத்தியிருந்தார்கள், அதில் முதல் ஆள் கிருபா. அவளுக்கு நாக்கில் சரஸ்வதி என்று சபையில் சொல்ல முடியாது, ஆனால் விஷயம் அதுதான். மலையின் மேல் குளிரில் வாடும் அந்தச் சகோதரனை உமது சிறகுகளின் கீழ் மூடிக்கொள்ளும் ஆண்டவரே என்று உருகி உருகிச் சொன்னாள். நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்து செருப்புப் போடுகிற இடத்தில் பிரவீனா வந்து நின்றாள். கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிற பெண். நம்ம சபைப் பூவாத்தாக்காவின் வீட்டுக்காரரை ஐசியூவில் பார்த்தேன், திங்கக்கிழமை இதயத்தில் ஆபரேஷன் முடிந்ததாம், இன்னும் கண்ணு முழிக்கவில்லை, அக்கா மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறாங்க, இங்கே யாருக்கும் தெரியாதா என்று கேட்டாள்.

கிருபா போனைத் திறந்தாள். விண்ணப்பத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் பேர் இருந்தது. பூவாத்தாள்.

அட ஆண்டவரே! பூவாத்தாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், போனில் எழுத வராது. மைக்கை அமுத்திப் பேசுவாள், போன் எழுதிக்கொள்ளும். அவள் சொன்னது ‘ஊட்டுக்காரர்’. இந்த ஊரில் பொம்பளைகள் எல்லாரும் புருஷனைச் சொல்கிற சொல். கிருபாவே தினமும் பத்துத் தடவை சொல்கிற சொல்தான். கொங்குத் தமிழ் போனுக்கு என்ன தெரியும், அது மலையேறி ஊட்டிக்குப் போய்விட்டது. போனுக்குத் தெரியாமல் போகலாம். கிருபாவுக்கு எப்படித் தெரியாமல் போனது? சனிக்கிழமையே ஒரு தடவை, கீழே இருக்கிற பேரோடு சேர்த்துப் படித்திருந்தால் போதுமே.

மறுநாள் காலையில் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் பஸ் ஏறினாள். சூலூர் தாண்டும்வரை மனசுக்குள் பொய்களை அடுக்கிப் பார்த்தாள். நெட்வொர்க் இல்லை எனலாம். தினமும் உங்களுக்காகத்தான் ஜெபித்தேன், வரத்தான் முடியவில்லை எனலாம். அதற்கு ஆப்பே சாட்சி சொல்லும், முதல் பேர் அவளுடையதுதானே. சிங்காநல்லூரில் போன் அதிர்ந்தது. ‘கிருபா, இன்று நீங்கள் இன்னும் ஜெபிக்கவில்லை’ என்று ஆப் ஞாபகப்படுத்தியது. அவளுக்கு அப்படியே பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

பூவாத்தாளைப் பற்றி அவளுக்கு என்னென்ன தெரியும் என்று யோசித்தாள். தறிக்குடோனில் வேலை. மூன்று வருஷமாகத்தான் சபைக்கு வருகிறாள், அதுவும் தனியாக. புருஷன் வருவதில்லை, தடுப்பதும் இல்லை. ஞாயிறுதோறும் பழைய டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிட்டுப் போவார். சபைப் பதிவேட்டில் கணவர் பேர் கேட்டபோது, வாயால் சொல்ல மாட்டேன் என்று ரேஷன் கார்டை நீட்டினவள். இந்தக் காலத்திலும் இப்படியா என்று கிருபாதான் முதலில் சிரித்தாள். கார்டை வாங்கிப் பார்க்கவில்லை.

ஐசியூ வாசலில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். ஓரத்து நாற்காலியில் பூவாத்தாள், மடியில் துணிப்பை. கிருபாவைப் பார்த்ததும் எழுந்து, வாங்கம்மணி என்று பக்கத்து நாற்காலியை முந்தானையால் துடைத்துவிட்டாள். பஸ்ஸில் கூட்டமா, சாப்பிட்டாயிற்றா என்றெல்லாம் கேட்டாள். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். அவ்வளவு கஷ்டத்திலும் உபசாரம் ஒன்றும் குறையவில்லை. ரெண்டு திட்டுத் திட்டியிருந்தால்கூடக் கிருபாவுக்குத் தாங்கியிருக்கும்.

டீ ஆறிப்போகும்வரை கையில் வைத்திருந்துவிட்டு, அடுக்கிவைத்த பொய் ஒன்றும் வராமல், உள்ளதைச் சொன்னாள்.

“அக்கா, சனிக்கெழமை நான் ஜெபம் பண்ணலீங்க. படிக்கக்கூட இல்லீங்க. சும்மா அமுத்துனேன்.”

பூவாத்தாள் பிளாஸ்க் மூடியைத் திருகி மூடினாள்.

“தெரியுமுங்கம்மணி,” என்றாள். “அது ஊட்டிக்காரருன்னு தப்பா உழுந்திருக்குதுன்னு சனிக்கெழமையே பாத்துப்போட்டனுங்க. மாத்திப் பேசிப் போடலாம்னுதான் இருந்தேன். அப்பறம் நெனச்சேன், ஆராச்சும் ஒருத்தரு போன் பண்ணி, ஏனுங்க பூவாத்தா, ஆருங்க அந்த ஊட்டிக்காரருன்னு கேப்பாங்க, கேட்டா நாலு வார்த்தை சொல்லி அழுதுக்கலாம்னு. ஆப்பரேசன் நடக்கறப்ப ஆறு மணி நேரம் அதையேதான் பாத்துட்டிருந்தேன். கை மட்டும் ஒண்ணொண்ணா மின்னுச்சு. போனு வல்லீங்க.”

அவள் குரலில் கோபமே இல்லை. முப்பத்தெட்டுப் பேரில் ஒருத்தராவது கேட்டிருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது கிருபாவுக்கும் தோன்றியதுதான். அந்த ஒருத்தர் தானாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது இப்போதுதான் உறைத்தது. மன்னிச்சுக்குங்க என்றாள். அந்த வார்த்தை பொத்தானை அமுத்துவதுபோலவே சுலபமாக வந்துவிட்டது, அதனால் அதுவும் பிடிக்கவில்லை. அழுதாள். பூவாத்தாள் அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, அதான் வந்துட்டீங்கல்ல,” என்றாள் கடைசியில். “இப்பப் பண்ணுங்க.”

கிருபா கண்ணை மூடினாள். மைக் பிடித்தால் அருவியாகக் கொட்டுகிற வாய். மலையும் சிறகும் நாக்கு நுனிக்கு வந்து நின்றன, அவள் விழுங்கிக்கொண்டாள். ஆண்டவரே, இந்தச் சகோதரியுடைய கணவர் என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் ஓடவில்லை. கணவர் யார்? நூறு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் கேட்டுக்கு வந்து போனவர். வெள்ளை மீசை ஞாபகம் இருக்கிறது. பேர்?

கண்ணைத் திறந்தாள். கேட்காமல் சமாளித்துவிடலாம்தான், கணவர் என்றே சொல்லி முடித்தாலும் ஆண்டவருக்கு ஆளைத் தெரியாமலா போகும். ஆனால் அவளால் முடியவில்லை.

“அக்கா, அவரு பேரு என்னங்க?”

பூவாத்தாள் வழக்கம்போலத் துணிப்பைக்குள் கையை விட்டாள். ரேஷன் கார்டுதான் தேடினாளோ என்னவோ, கை பாதியில் நின்றது. ஐசியூவின் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் ஒரு தடவையும் அவள் வாயில் வராத பேர்.

“காளிச்சாமிங்க,” என்றாள் மெதுவாக. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிருபா மறுபடி கண்ணை மூடி அந்தப் பேரைச் சொன்னாள். வேறு வார்த்தை ஒன்றும் அவளுக்கு வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.