பின்சுவர்

செத்துப்போன புருஷன் லூர்துவுக்குப் போட்டுவிட அவனுடைய கல்யாணச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த ஃப்ளோராவின் கை நின்றது. மாதா கோயிலுக்குப் போகிற வழியில் சவப்பெட்டியைச் சணல் கிடங்கு வாசலில் ஐந்து நிமிஷம் இறக்கி வைக்க வேண்டுமாம். அவனிடம் பத்து வருஷம் வேலை பார்த்த கொத்தனார் ஜெயவேல் வந்து கேட்கிறான்.

"அங்க வாணாம்," என்றாள்.

வெள்ளைக்காரன் காலத்தில் சணல் மூட்டை அடுக்கிய இடம் அது. அதைப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடமாக்க வேண்டும் என்றார் பங்குச் சாமியார். இடித்துக் கட்டியிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். மேஸ்திரி லூர்து கேட்டால்தானே! பழைய சுவரையும் இரும்புத் தூண்களையும் வைத்துக்கொண்டே வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தான். அறுபத்துநாலில் முன்பக்கம் இரண்டு வகுப்பு. போன வருஷம் தூண்களின் மேல் மாடி ஆரம்பித்தான். கூரை அதற்கப்புறம். கீழே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்ல, மேலே இவன் உத்தரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தாலும் கால் அங்கேதான் போகும்.

ஒரு சக்களத்தி இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கலாம். கிடங்குக்கு ஏது தலைமுடி? ஒற்றை அறை வீட்டில் ஃப்ளோரா சமையலுக்கு ஒரு குசினி கேட்டு ஆறு வருஷமாயிற்று. இன்னமும் அடுப்பு வெட்டவெளியில்தான்.

"இருமிக்கினு கெடந்தப்பகூட அது பேச்சுதான். எம் பேரு ஒரு தபா வாயில வர்ல. செத்தும் அங்கியே போவணுமா?"

ஜெயவேல் பின்சுவர்ப் பக்கம் கையை நீட்டினான்.

"அப்டி சொல்லாத அண்ணி. வேலய எங்க நிறுத்தினாலும், சொவரு முனையில செங்கல்ல ஒண்ணு வுட்டு ஒண்ணு நீட்டி வெச்சிருவாரு. பின்னால வர்ற சொவரு அதுல கோத்துக்கும். இந்த வூட்டு பின்சொவத்துலயும் அப்டிதான் வுட்டுகீறாரு. கொடோன் மாடி முடிஞ்சா மொத வேல அண்ணிக்கு குசினிதான்னாரு. வா, காட்றேன்."



அந்தச் செங்கற்கள். கிடங்குக்கு ஓடுகிற அவசரத்தில் அரைகுறையாக விட்டது என்றே நினைத்திருந்தாள். போன மழைக்காலத்தில் அவற்றில் மாட்டிப் புடவை கிழிந்தது. கிடங்குச் சுவரிலும் அதே மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அந்தச் சக்களத்தி மூஞ்சி என் வீட்டில் எதற்கு என்று, அன்றைக்கே தெருவில் போன ஒரு கொத்தனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் வெட்டிச் சிமெண்டு பூசச் சொல்லிவிட்டாள். சாயங்காலம் வந்த லூர்து, பூச்சின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். சாப்பிடாமல் கிடங்குக்குப் போய்விட்டான்.

ஜெயவேல் பின்வாசலை நோக்கி நடந்தான். ஃப்ளோரா சட்டையும் கையுமாக எழுந்து, அவனை முந்திக்கொண்டு போய், அந்தச் சுவர் முனையில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"கொடோன் வழியாவே எத்துகினு போங்க," என்றாள். "எவ்ளோ நேரம் வேணா வெச்சிக்கங்க."

முன்வாசலில் யாரோ ஜெயவேலைக் கூப்பிட்டார்கள். அவன் போன பிறகும் அவள் நகரவில்லை. பூச்சு முதுகில் வழவழவென்று சில்லிட்டது. நின்றபடியே, விட்ட இடத்திலிருந்து பொத்தானைத் தைக்கத் தொடங்கினாள்.