ஒன்று நின்ற பிறகே அடுத்தது

அந்த இணையப் பக்கத்தைச் செய்தது சின்னவள்தான். வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் வந்த பெயர், வெள்ள மீட்பு அலுவலகம் வரைக்கும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. தண்ணீரில் மாட்டியவர்கள் அந்த அரட்டைப் பக்கத்தில் எழுதுவார்கள். அதைப் பார்த்துப் பக்கத்து மேசை வயர்லெஸ்காரர் படகு அனுப்புவார். முன்பெல்லாம் புதுச் செய்தி வந்தால் பார்ப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும்படி திரை குதிக்கும். இவள் அதை அழகுபடுத்தினாள். ஒவ்வொரு செய்தியும் கீழேயிருந்து மெல்ல எழுந்து, தெளிந்து, நின்ற பிறகுதான் அடுத்தது கிளம்பும். எழும்போதே பக்கத்தில் ‘இப்போது’ என்று ஒரு சொல்லும் சேர்ந்துகொள்ளும். அலுவலகமே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. சோதித்துப் பார்த்தவர்கள் ஐந்தாறு பேர். அவர்கள் எழுதும் வேகத்துக்கு அது போதாதா என்ன.

அன்று ஊரே எழுதியது.

மத்தியானம் அக்காவின் செய்தி எழுந்தது: ‘முட்டி அளவு தண்ணி. பயப்படாத.’ பக்கத்தில் ‘இப்போது’. சின்னவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போனில் லைன் கிடைக்கவில்லை. பிள்ளைகளை மேசைமேல் ஏற்றச் சொல்லி அதே பக்கத்தில் பதில் எழுதினாள். யார் யாருடைய செய்தியோ ஆடி அசைந்து எழுந்தது. அவளுடையது வரவே இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. அவளுடைய பதில் வரிசையின் கடைசியில் நிற்கிறது. அப்படியானால் அக்கா முட்டி அளவு என்று எழுதியது எப்போது? அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் முறை வருவதற்காக உள்ளே காத்துக்கிடக்கிறது.

பக்கத்தின் நிரலில் ஒரே ஒரு வரியை அழித்தால் போதும், அசைவு போய்விடும். கை வரவில்லை. அழிக்காதவரை அக்காவுக்கு முட்டி அளவுதான் தண்ணீர். இப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு அழித்தாள்.

எல்லார் திரையிலும் மொத்தமாகக் கொட்டியது. அக்கா பெயரைத் தேடிப் பிடித்தாள். ‘இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு.’ அடுத்து, ‘அலமாரி மேல ஏறிட்டோம்.’ கடைசியாக, ‘படகு வந்துச்சு. கத்திக் கூப்பிட்டோம். நிக்காம போயிடுச்சு.’

முட்டி அளவு வீடுகளை அப்புறம் பார்க்கலாம் என்று படகுக்காரர்களிடம் வயர்லெஸ்காரர் சொன்னதை அவளும் காதால் கேட்டிருந்தாள்.

“அண்ணே, இவ்வளவு நேரம் நீங்க பார்த்தது எல்லாமே பழசு. என் தப்பு. படகைத் திருப்பச் சொல்லுங்க.”

அவர் திரையைப் பார்த்தார். முட்டி என்றிருந்த வீடுகளெல்லாம் கழுத்து என்றும் கூரை என்றும் மாறியிருந்தன. அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

“கிட்ட ஒரு படகுதாம்மா இருக்கு. எந்த வீட்டுக்கு முதல்ல?”

அக்கா வீட்டு விலாசம் நாக்கு நுனியில் வந்து நின்றது. அக்காவின் செய்திக்கு நேர் மேலே யாரோ ஒருத்தி, கைக்குழந்தையோடு தண்ணீர்த் தொட்டிமேல் நிற்பதாக எழுதியிருந்தாள். சின்னவள் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, அக்காவின் விலாசத்தைச் சொன்னாள்.