உள்ளறையிலிருந்து வந்த வரிகள்

பக்கம் வெள்ளையாகத் திறந்தது. லிஃப்ட்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். மேலே புதிதாகச் சேர்த்த படத்தில் மனைவி சிரித்தாள். கீழே எழுதும் பெட்டி இருந்தது, 'அனுப்பு' பொத்தான் இருந்தது. அவள் எழுதியதில் ஒரு வரிகூட இல்லை.

லிஃப்ட் பழுதுபார்த்தே முட்டி தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்தவர், சும்மா இருக்க முடியாமல் யூடியூபைப் பார்த்து நோட் ஜேஎஸ் என்ற புரோகிராம் எழுதும் பாடத்தைக் கற்க ஆரம்பித்திருந்தார். "பேரன் எடுக்கிற வயசுல பாடம் படிக்கிறாராம்" என்று மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அந்த வாய்தான் தொண்டை ஆபரேஷனோடு அடங்கிப்போனது. உள்ளறையில் படுத்தபடி அவள் போனில் தட்டினால் கூடத்தில் தன் லேப்டாப்பில் வந்து விழும்படி ஒரு சின்ன சர்வர் புரோகிராம் எழுதினார். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. டிவியில் எவன் கத்தினாலும் இவருக்குத்தான் திட்டு வந்தது.

அவள் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் சர்வரை நிறுத்தவில்லை. வெளிநாட்டிலிருந்த மகளுக்கு வந்து முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. "அம்மா எழுதினதையாவது எடுத்து வைங்கப்பா, வந்து படிக்கிறேன்" என்று போனில் அழுதிருந்தாள்.

இன்று வந்துவிட்டாள். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா படத்தை மேலே வைத்துவிடலாம் என்று அவருக்கு ஆசை. அதற்காகப் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தார். நிறுத்தி மறுபடி ஓட்டினால்தான் புது வரி வேலை செய்யும் என்பது முதல் பாடம். நிறுத்தினார், ஓட்டினார். வந்ததையெல்லாம் ஓடுகிற புரோகிராமின் நினைவிலேயே வைத்திருந்தார், நிறுத்தியதும் அத்தனையும் அழிந்துபோயின. ஃபைலில் எழுதிச் சேமிப்பது அடுத்த பாடம், மனைவிக்கு உடம்பு மோசமானதும் அதைப் பார்க்காமலே விட்டுவிட்டார். அவளுடைய போனை எடுத்துத் திறந்தார். அதிலும் அதே வெள்ளை. தன் கையாலேயே அவளை இரண்டாம் முறை அனுப்பிவிட்டோமே என்று நினைத்தார்.

குளியலறையில் தண்ணீர் நின்றது. மனைவி எழுதியதை அவசர அவசரமாகத் தன் நினைவிலிருந்து தட்டினார். 'ஃபேனைக் குறைங்க, குளிருது.' 'நீங்க சாப்பிட்டாச்சா? பொய் சொல்லாம சொல்லுங்க.'

மகள் வந்து அவர் தோளுக்கு மேலே குனிந்து படித்தாள். சிரிப்பும் அழுகையுமாக வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா பக்கத்துல நின்னு பேசுற மாதிரியே இருக்குப்பா."

மகள் திரையைக் கீழே தள்ளிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? என்னைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?"

எழுதியிருந்தாள். கடைசி நாட்களில் மகளைப் பற்றித்தான் எழுதினாள். எவ்வளவு முட்டி மோதியும் அதில் ஒரு வரிகூட அவருக்கு முழுசாக ஞாபகம் வரவில்லை.

"இருக்கும்மா," என்றார். "வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும்."

மகள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்தாள். ஈரத் தலைமுடியிலிருந்து தோளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை.