போயாவுக்கு ஒரு ரூபாய்

லண்டனின் வாப்பிங்கில், தேம்ஸ் ஆற்றோரமாக, பழைய கிடங்கொன்றில் ஒரு சிறிய கப்பல் அருங்காட்சியகம் இருந்தது. அங்கே பொறுப்பிலிருந்த ஹெலன், 1884ஆம் ஆண்டில் மன்னார்க் கரையோர மீனவர்கள் எழுதிய தமிழ் மனு ஒன்றைக் கணினியில் மொழிபெயர்த்துப் பார்த்தாள். 'எங்கள் பாரின்மேல் ஒரு பௌர்ணமி விடுமுறை வைத்துத் தாருங்கள்' என்று வந்தது. இது சரிவராது என்று ஆள் தேடினாள். அப்படித்தான் மேரிசாந்திக்கு அந்த வேலை கிடைத்தது.

மேரிசாந்தி மன்னார்க்காரி. ஈஸ்ட் ஹாமில் குடியிருந்துகொண்டு, பதினெட்டு வருடமாக மருத்துவமனைகளிலும் நீதிமன்றங்களிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருப்பவள். கணினியின் மொழிபெயர்ப்பைப் பார்த்ததுமே சிரித்துவிட்டாள்.

"எங்கள் கரையில் போயா என்றால் ஆபத்தான இடத்தைக் காட்டக் கடலில் கட்டிவிடுகிற மிதவை. சிங்களத்தில்தான் அது பௌர்ணமி நாள். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கிற கற்பாறை" என்றாள் ஹெலனிடம்.

ஹெலனும் சிரித்தபடி அவளைக் கண்காட்சிக் கூடத்துக்கு அழைத்துப்போனாள். கடல் விளக்குகளுக்கு அந்தக் காலத்தில் யார் செலவழித்தார்கள் என்பதுதான் கண்காட்சி. கடந்துபோகும் கப்பல்களிடம் அவற்றின் அளவைப் பார்த்து விளக்கு வரி வாங்குவார்கள். குடியேற்ற நாடுகளின் விளக்குகளும் மிதவைகளும் பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான் நின்றன. வரி கட்டும் கப்பல் போகிற வழிக்கே வெளிச்சம் என்று ஹெலன் விளக்கினாள்.

மனுவோடு அரசாங்க மொழிபெயர்ப்பாளர் அன்று எழுதிய ஆங்கிலப் பிரதியும் இருந்தது. அதன் ஓரத்தில் ஓர் அதிகாரி குறித்திருந்தார்: 'இவர்கள் எதுவும் தர முன்வரவில்லை. வரி கட்டுகிறவர்களின் பணத்தை இவர்களுக்காகச் செலவழிக்க முடியாது.' கண்காட்சிக்காக ஹெலன் எழுதிய விளக்கப் பலகையும் அதையே சொன்னது. மீனவர்கள் இலவசமாகக் கேட்டார்கள், அரசு மறுத்தது. மேரிசாந்தி செய்ய வேண்டியது பெயர்களைச் சரிபார்ப்பதும், மனுவை ஒலிப்பதிவுக்காக ஒருமுறை வாசிப்பதும் மட்டும்தான்.

அவள் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தாள். கார்த்திகைக் காற்றில் பாரில் மோதித் தோணி உடைந்ததையும், ஏழு பேர் கரை சேராததையும் வாசித்தாள். அடுத்த வரியில் நின்றாள்.

'போயாவின் செலவுக்காகத் தோணி ஒன்றுக்கு வருஷம் ஒரு ரூபாய் வீதம் செலுத்தச் சம்மதித்திருக்கிறோம். அதைக் கட்டுகிற கல்லை இறக்கக் கூலியில்லாமல் நாங்களே வருவோம்.'

கீழே கையெழுத்துக்குப் பதிலாக இருபத்துமூன்று சிலுவைக் கீறல்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர்.

ஆங்கிலப் பிரதியை எடுத்துப் பார்த்தாள். ஏழு பேர் இறந்தது இருந்தது. 'ஏழைகளாகிய நாங்கள் தாழ்மையுடன் யாசிக்கிறோம்' என்றுகூட இருந்தது. ரூபாயும் கல்லும் இல்லை.

விடுபட்டதை ஹெலனிடம் விளக்கிக் காட்டினாள்.

"பலகை அச்சாகி வந்துவிட்டது. சனிக்கிழமை திறப்பு விழா. ஒரு வரிதானே?" என்றாள் ஹெலன்.

"அந்த ஒரு வரி இல்லாததால்தான் மறுத்திருக்கிறார்கள்."

"அந்த மொழிபெயர்ப்பாளர் அதை ஏன் விட்டிருப்பார்?"

"அவசரமாக இருந்திருக்கும். அல்லது, மீன்பிடிக்கிறவன் அரசாங்கத்துக்குக் காசு தருகிறானாம் என்று துரை சிரிப்பார் என நினைத்திருப்பார்." சொல்லும்போதே மேரிசாந்தியின் குரல் இறங்கிவிட்டது. அந்த மொழிபெயர்ப்பாளரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

காரணம் பாலசுப்பிரமணியன்.

ஒன்பது வருடத்துக்கு முன், வேலை தேடுகிறவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் பெனிபிட் பணம் நிறுத்தப்பட்டதை எதிர்த்து அவர் போட்ட மேன்முறையீட்டின் விசாரணையில் மேரிசாந்திதான் மொழிபெயர்த்தாள். பெற்றோல் அடிக்கும் செட்டில் பாரம் தூக்கி முதுகு முறிந்த மனிதர். எந்த வேலையாவது செய்வீர்களா என்று கேட்டார்கள். "நிண்டு செய்ய ஏலாது. இருந்து செய்யிற வேலை எண்டா நாளைக்கே போவன்" என்றார் அவர். நீதிபதி சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேரிசாந்தி முதல் பாதியைச் சொன்னாள். மறுபாதிக்கு வாயெடுக்குமுன் அடுத்த கேள்வி வந்துவிட்டது. அவளும் அதோடு போய்விட்டாள். எந்த வேலைக்கும் விருப்பமில்லாதவர் என்று தீர்ப்பு வந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. தெருவில் கண்டால் அவர் தலையசைப்பார். அவளும் தலையசைத்துவிட்டு விரைந்து நடப்பாள்.

"நான் இன்றைக்கே முழு மொழிபெயர்ப்பையும் எழுதித் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம். பழைய ஆங்கிலப் பிரதிக்குப் பக்கத்தில் வையுங்கள்" என்றாள் ஹெலனிடம்.

ஹெலன் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைச் சுவரிலிருந்து கழற்ற ஆள் கூப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை, ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஊருக்குப் பொதி அனுப்பும் கடை திறந்தவுடன் மேரிசாந்தி உள்ளே போனாள். பாலசுப்பிரமணியன் அங்கேதான், உயரமான நாற்காலியில் உட்கார்ந்தபடி, எடை பார்த்துப் பற்றுச்சீட்டு எழுதுவார். கடையில் வேறு யாருமில்லை.

"அண்ணை, உங்களிட்டை ஒரு விசயம் சொல்ல வேணும்."

"சொல்லுங்கோ பிள்ளை."

சொன்னாள். இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன?"

"இங்கிலீசு கதைக்கத்தான் வராது பிள்ளை. கேட்டாலும் வாசிச்சாலும் விளங்கும். நீங்கள் அரைவாசியை விட்டது அண்டைக்கே விளங்கினது."

"அப்ப ஏன் அண்ணை அந்த இடத்திலேயே சொல்லேல்லை?"

"நான் பொய் சொல்லுறன் எண்டு நினைச்சு நீங்கள் விட்டிட்டீங்கள் எண்டு நினைச்சன். எங்கடை ஆளே நம்பேல்லை, வெள்ளைக்காரன் நம்புவானோ எண்டு பேசாமல் இருந்திட்டன். பெனிபிட் போனதைவிட அதுதான் கனநாளாய் மனசுக்குள்ளை கிடந்தது."

"ஐயோ, அப்பிடியில்லை அண்ணை. பயந்திட்டன். அந்த நீதிபதி மணியைப் பாத்தவுடனை பயந்திட்டன்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. "இவ்வளவுதானோ?" என்றார் மெதுவாக. மேசைக்கடியிலிருந்த சிறிய முக்காலியை வெளியே தள்ளி, "இருங்கோ" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். மன்னார் மீனவரின் மனுவைப் பற்றியும் சொன்னாள்.

"பிறகு அவையளுக்குப் போயா கிடைச்சதோ?"

"எட்டு வருசத்துக்குப் பிறகு. வரி கட்டுற கப்பல் ஒண்டு அந்தப் பாரிலை ஏறி உடைஞ்சது. அதுக்குப் பிறகு வைச்சவை."

பாலசுப்பிரமணியன் நாக்கால் 'ச்சு' கொட்டினார். ஒரு பெண் பெரிய பெட்டியோடு உள்ளே வந்தாள். அவர் தராசைத் துடைத்தார். "செவ்வாய்க்கிழமையளிலை எனக்கு லீவு. அந்த மனுவை வந்து பாக்கலாமோ?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் செவ்வாயன்று அவர் தன் மனைவி ராஜலட்சுமியோடு அருங்காட்சியகத்துக்கு வந்தார். புதிய பலகைக்கு முன்னால் ஹெலன் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். இருபத்துமூன்று பெயர்களையும் ராஜலட்சுமி விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். பாலசுப்பிரமணியன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி என்று உதடு அசையப் பார்த்துக்கொண்டு போனார். அரைமணி நேரம் எடுத்தது. மேரிசாந்தி பக்கத்திலேயே நின்றாள்.

"ஓம்" என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு. "ஒண்டும் விடேல்லை."