ராசி பார்த்த மோதிரம்

வைரத்தை யாரும் உடனே வாங்கிவிடுவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள் சாமி படத்தடியில் வைத்து ராசி பார்க்க வேண்டும். அதற்குள் வீட்டில் ஒருவருக்குத் தலை வலித்தாலும் பழி கல்லின் மேல்தான். இப்படித் தையல்நாயகியிடம் வந்த வைரம் இரண்டு முறை திரும்பிப் போயிருந்தது. முதல் முறை கன்றுக்குட்டி செத்தது. அடுத்த முறை மாமியார் ராஜாம்பாளுக்குக் கனவில் பாம்பு வந்தது. பாம்பு கனவில் வந்ததோ, கிழவியின் வாயில் வந்ததோ, யார் கண்டது?

எழுபத்தெட்டாம் வருஷம் மூன்றாவதாக வந்தது ஒரு பழைய மோதிரம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா ஒருவரின் குடும்பம் பிரான்சுக்குக் குடிபோகும்போது விற்றது. தரகர் தணிகாசலம் கொண்டுவந்தார். புது வைரம் கண்ணைக் கூச வைக்கும். இது கையால் பட்டை தீட்டிய அந்தக் காலத்துக் கல். சன்னலோரம் வைத்துத் திருப்பினால் அடியிலிருந்து மெதுவாகத் தணல் எழுந்து வரும். வளையத்தின் உட்புறம் யார் யார் விரலிலோ கிடந்து மழமழவென்று தேய்ந்திருந்தது. தையல்நாயகிக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. எதையும் கேட்டுப் பழகாதவள், கணவன் கலியபெருமாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது திரும்பிப் போவக் கூடாதுங்க."

"போவாது தையலு. நானாச்சு."

பெரிய மார்க்கெட்டில் அரிசிக்கடை வைத்திருந்தவர் அவர். மூட்டையைத் தானே தூக்கிப் போடுகிற ஆள். மூன்று நாளும் வீட்டில் ஒரு குறையும் வரவில்லை. பால்கூடத் திரியவில்லை. தையல்நாயகி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெடு முடிந்த காலையில் மோதிரத்தை அவரே அவள் விரலில் போட்டுவிட்டார். அவர் கை வேர்த்துச் சில்லென்றிருந்தது.

"இன்னாங்க, ஒடம்புக்கு இன்னா?"

"ஒன்னுமில்ல, புழுக்கம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். மதியம் அவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாரடைப்பு என்றார்கள்.

"எம்புள்ளைய அந்தக் கல்லு முழுங்கிடுச்சே!" என்று ராஜாம்பாள் மண்ணை வாரித் தூற்றினாள். துக்கத்துக்கு வந்த சனமும் கல்லைத்தான் திட்டியது. தணிகாசலம் மோதிரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக வாசலில் நின்று சொன்னார்.

கடையில் அரிசி நிறுக்கும் தேவதாஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

"கல்லு இல்ல அண்ணி. மொத நாளே நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்கு வாண்ணேன்னு கெஞ்சனேன். 'ராசி பாக்கறது முடியட்டும்டா, நான் இப்ப படுத்தா எங்கம்மா மோதிரத்தத் திருப்பிக் குடுத்துடும். பாவம்டா தையலு'ன்னாரு."

ராஜாம்பாளின் ஒப்பாரி பாதியில் நின்றது. தையல்நாயகி மோதிரத்தைக் கழற்றித் தரையில் போட்டாள். பிறகு பிணத்தின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நானே கொண்டுபோயி கடல்ல வீசியிருப்பேனே. கல்லு வேணும்னுதான கேட்டேன், நீ வேணாம்னா சொன்னேன்?"